சி.எஸ்.ஆர். அறிக்கையே சாட்சியானால்? வேதாந்தாவை லண்டன் நீதிமன்றத்துக்கு இழுத்த ஜாம்பியா கிராமங்கள்

பெரிய நிறுவனங்கள் வருஷா வருஷம் ஓர் அறிக்கை வெளியிடும். சிரிக்கும் குழந்தைகள், மரக்கன்று நடும் ஊழியர்கள், நடுநடுவே 'சுற்றுச்சூழலைக் காப்போம்' வகை உறுதிமொழிகள். யாரும் முழுசாகப் படிப்பதில்லை. ஆனால், வேதாந்தா வெளியிட்ட அப்படியொரு அறிக்கையை ஜாம்பியா நாட்டுக் கிராம மக்கள் 1,826 பேரின் வழக்கறிஞர்கள் வரி விடாமல் படித்தார்கள்.

என்ன வழக்கு?

ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் இருக்கிறது இன்சாங்கா தாமிரச் சுரங்கம். நடத்துவது கொங்கோலா காப்பர் மைன்ஸ். அதன் பெரும்பான்மைப் பங்குகள் லண்டனில் பதிவான வேதாந்தா ரிசோர்சஸ் கையில். நம்மூர் ஆட்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் இதே குழுமத்துடையதுதான்.

சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்ததாக மக்கள் குற்றம்சாட்டினார்கள். குடிக்க, மாடு கன்றுக்கு, வயலுக்கு என எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு இருந்தது அந்தத் தண்ணீர் மட்டுமே.

அப்படியென்றால் ஜாம்பியாவிலேயே வழக்குப் போட வேண்டியதுதானே? போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2006-ல் நடந்த மாசு தொடர்பாக சுமார் 2,000 பேர் அங்கே நீதிமன்றம் போனார்கள். நிறுவனத்தின் மேல்தான் தப்பு என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால், மருத்துவச் சான்று வைத்திருந்த 12 பேருக்கு மட்டும்தான் இழப்பீடு என்று சொல்லிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் குடித்து வாழும் குடும்பம் மருத்துவ அறிக்கைக்கு எங்கே போகும்?

அதே 2015-ல் இந்த 1,826 பேரின் வழக்கு லண்டனில் தாக்கலானது.

'அது வேற கம்பெனி'

இந்த மாதிரி வழக்குகளில் தாய் நிறுவனம் சொல்லும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "சுரங்கத்தை நடத்துவது துணை நிறுவனம். நாங்கள் வெறும் பங்குதாரர்." சட்டப்படி இது வலுவான வாதம். இரண்டும் தனித்தனி 'நபர்'கள். லாபம் மேலே ஏறிப் போகும், பொறுப்பு மட்டும் கீழேயே நின்றுவிடும்.

இதை உடைக்கத்தான் அந்த அறிக்கை உதவியது. குழுமத்தின் எல்லா சுரங்கங்களுக்கும் சுற்றுச்சூழல் தரத்தை வகுப்பது, பயிற்சி கொடுப்பது, கண்காணிப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு என்று வேதாந்தாவே அதில் எழுதியிருந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று அளித்த தீர்ப்பில் இதைச் சுட்டிக்காட்டியது. தாய் நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டா என்பது விசாரிக்க வேண்டிய கேள்விதான் என்றது. ஜாம்பியாவில் இந்த ஏழை மக்கள் இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணத்துக்கோ அனுபவமுள்ள வழக்கறிஞர்களுக்கோ வழியில்லை என்பதால், லண்டனிலேயே நடத்தலாம் என்றும் அனுமதித்தது.

கவனிக்க: வேதாந்தா குற்றம் செய்தது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விசாரிக்கலாம் என்று மட்டுமே சொன்னது. முழு விசாரணை நடக்கவே இல்லை. 2021 ஜனவரியில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஆனாலும், திறந்த கதவு மூடவில்லை. அடுத்த மாதமே நைஜீரியாவின் ஓகாலே, பில்லே மக்கள் ஷெல் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கையும் அதே நீதிமன்றம் அதே வழியில் அனுமதித்தது.

இந்தியாவில் சி.எஸ்.ஆர். கட்டாயம்தானே?

ஆமாம். நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதான நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், ஊருக்கு குடிநீர்த் தொட்டி எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

ஆனால் இது லாபத்தை எப்படிச் செலவழிப்பது என்கிற சட்டம். லாபம் எப்படி வந்தது என்று கேட்கிற சட்டம் இல்லை. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். 2021-ல் திருத்தப்பட்ட விதி இன்னும் தெளிவு: வேறு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்ட முடியாது. அதாவது, கெடுத்த மண்ணைச் சுத்தம் செய்யச் சட்டம் சொன்னால் அது கடன், தர்மம் இல்லை. ஆலைக்காரர் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, ஆற்றைப் பற்றிப் பேசாதே என்று யாரும் ஊர்க்காரர்கள் வாயை அடைக்க முடியாது.

அப்போ எதுவும் எழுதாமல் இருந்தால் தப்பிக்கலாமா?

நியாயமான சந்தேகம். உறுதிமொழி கொடுத்தவர் மாட்டிக்கொள்ள, வாயே திறக்காதவர் நழுவிவிடுவார் என்றால் அது விநோதமான சட்டம்தான். ஷெல் வழக்கில், துணை நிறுவனத்தை உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்பதை உள் ஆவணங்களை வைத்தும் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னதால் இந்த ஓட்டை கொஞ்சம் அடைபட்டது.

பிரான்ஸ் வேறு வழி பிடித்தது. 2013-ல் வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2017-ல் அந்நாடு கொண்டுவந்த சட்டப்படி, துணை நிறுவனங்களிலும் சப்ளையர்களிடமும் உள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து தடுக்கும் திட்டத்தைப் பெரிய நிறுவனங்கள் வெளியிட்டே ஆக வேண்டும். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியமும் இதே மாதிரி சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வருவதற்குள்ளாகவே, போட்டியில் பின்தங்கிவிடுவோம் என்று தொழில்துறை குரல் கொடுக்க, 2025 ஏப்ரலில் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது.