திருப்பும் கைக்கும் திரும்பும் சக்கரத்துக்கும் இடையே

பிரேக் பிடிக்காத வண்டியைக் கியரைக் குறைத்தோ கைப்பிரேக்கை இழுத்தோ ஒருவாறு நிறுத்திவிடலாம். எஞ்சின் நின்றுபோனால் ஓரங்கட்டலாம். ஸ்டியரிங்குக்கும் முன்சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டாலோ ஓட்டுநர் செய்யக்கூடியது மிகச் சிறிது. கப்பலின் சுக்கானை இதற்கு உவமை கூறுவது வழக்கம். அது முழுவதும் பொருந்தாது. சுக்கான் இழந்த கப்பல் மிதக்கவாவது செய்யும்.

அத்தகைய உறுப்பைத் தலைமுறைகளாகச் செய்துவரும் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை இந்த இதழில் காண்போம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம் 1929-இல் டி. ஆர். கணபதி ஐயரால் தொடங்கப்பட்டது. அப்போது அது மோட்டார் வாகனங்களையும் உதிரிபாகங்களையும் வாங்கி விற்கும் வணிக நிறுவனம். உலகப் பெருமந்தம் தொடங்கிய ஆண்டும் அதுவே. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை இங்கே பூட்டி, கார் என்று விற்றுவந்த காலம் அது. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கு இடமில்லை என்று 1950-களில் அரசு உறுதியாகக் கூறவே, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இங்கேயே செய்யப்படும் வண்டிகளுக்கு இங்கேயே செய்த பாகங்கள் தேவைப்பட்டன.

ரானே 1960-இல் கையிலெடுத்தது டை ராடு எண்ட். பெயரைக் கேட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் விளங்காது. மெக்கானிக் சொல்லித்தான் நம்மில் பலர் அதை அறிந்திருப்போம். ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பும்போது அந்த விசை ஒரு தண்டின் வழியே கீழிறங்கிப் பல்சக்கரப் பெட்டியை அடைகிறது. அங்கிருந்து டை ராடு என்னும் கம்பிகள் அதனை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. கம்பியின் நுனியில் இருப்பதே டை ராடு எண்ட். நம் தோள்மூட்டின் அமைப்புதான் அதற்கும்: கிண்ணம் போன்ற உறையினுள் அமர்ந்த ஓர் எஃகுக் குண்டு. சாலைப் பள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் குதிக்கும். அதே நொடியில் இடமும் வலமும் தள்ளும் விசையும் தடையின்றிச் செல்லவேண்டும். இரண்டையும் அந்தக் குண்டுதான் தாங்குகிறது. மேலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே புகும். மூட்டு தேய்ந்து ஆட்டம் காணும். முழுவதும் கழன்றுவிட்டால் அந்தச் சக்கரம் தன் போக்கில் போகும்.

வணிகத்திலிருந்து உற்பத்திக்கு மாறுவது எத்தகைய துணிவு என்பதைக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நாங்கள் நன்கறிவோம். சரக்கு வாங்கி விற்பவரின் பணம் சில மாதங்களில் சுழன்று கைக்குத் திரும்பிவிடும். உற்பத்தியாளரின் பணமோ அச்சுகளிலும் வெப்பப்பதன உலைகளிலும் அளவைக் கருவிகளிலும் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். செய்த பொருளில் பிழையிருந்தால், பழியை வேறொருவர்மேல் போடவும் வழியில்லை.

டை ராடு எண்டைத் தொடர்ந்து முழு ஸ்டியரிங் பெட்டிகளும் வந்தன. காருக்கு ரேக் அண்ட் பினியன் வகை. கனரக வண்டிகளுக்கு மரையிட்ட தண்டின்மேல் எஃகுக் குண்டுகள் உருண்டு சுழலும் வகை. பழைய லாரிகளின் ஸ்டியரிங் சக்கரம் ஏன் அத்தனை அகலமாக இருந்தது என்பதை இளைய வாசகர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். சக்கரம் அகன்றால் நெம்புவிசை கூடும். ஓட்டுநரின் தோள்வலிமைக்கு அது ஒன்றே துணை. நெரிசலான தெருவில் பேருந்தைத் திருப்ப, இருக்கையை விட்டுச் சற்றே எழுந்து முழு உடலாலும் இழுத்த ஓட்டுநர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தச் சுமையைக் குறைக்க வந்தது பவர் ஸ்டியரிங். அதன் நுட்பத்துக்காக 1987-இல் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்துடன் ரானே கூட்டுச் சேர்ந்தது. மயில்களுக்கும் முருகன் கோயிலுக்கும் பெயர்பெற்ற விராலிமலை, இக்கூட்டு நிறுவனத்தின் ஆலையாலும் அறியப்படலாயிற்று. 1995-இல் ஜப்பானின் என்.எஸ்.கே. நிறுவனத்துடன் மற்றொரு கூட்டு உருவாயிற்று. ஸ்டியரிங் தண்டும் பின்னர் மின்விசை ஸ்டியரிங்கும் அதன் பொருள்கள். தண்டு எளியது என்று எண்ணவேண்டாம். நேருக்கு நேர் மோதும் விபத்தில் அது ஓட்டுநரின் மார்பைத் துளைக்காமல் தானே உள்வாங்கிச் சுருங்கவேண்டும்.

தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை டி.ஆர்.டபிள்யூ. கூட்டு நிறுவனத்தின் ஸ்டியரிங் பிரிவு 2005-இலும், ரானே (மெட்ராஸ்) 2007-இலும் பெற்றன. செய்து முடித்த பொருளைச் சோதித்துப் பழுதானதை ஒதுக்குவது பழைய முறை. பழுது தோன்றாதபடி செய்முறையையே கட்டுக்குள் வைப்பது டெமிங் வழி. லட்சத்தில் ஒன்று பழுதானாலும், அந்த ஒன்றும் யாரோ ஒருவரின் வண்டியில்தான் இருக்கும் என்ற தொழிலில் வேறு வழியுமில்லை.

கூட்டுகளின் பிற்கதை இன்னும் சுவையானது. 2015-இல் டி.ஆர்.டபிள்யூ.வை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்கிக்கொண்டது, கூட்டு நிறுவனம் இப்போது இசட்.எஃப். ரானே என்று பெயர் தாங்குகிறது. என்.எஸ்.கே. கூட்டிலோ ஜப்பானியரின் பங்கினை 2024-இல் ரானேயே வாங்கி, அதனை முழுவதும் தன்னதாக்கிக்கொண்டது. வடக்கே குருகிராமில் இதே தொழிலைச் செய்த சோனா கோயோ சென்ற திசை வேறு. சுரிந்தர் கபூர் 1980-களில் தொடங்கி, மாருதி கார்களோடு சேர்ந்து வளர்த்து, 2003-இல் டெமிங் பரிசும் பெற்றுத்தந்த நிறுவனம் அது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் 2017-இல் ஜப்பானியக் கூட்டாளியான ஜேடெக்ட் வசமாயின. மறு ஆண்டு பெயரும் மாறியது.

எது ஏற்றம், எது இறக்கம் என்று தீர்ப்புக் கூற நாங்கள் முற்படவில்லை. வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடும் எங்கள் வாடிக்கையாளர்களிடம் மட்டும் ஒன்று கேட்போம்: கூட்டு முடியும் நாளில் வரைபடங்கள் யாரிடம் இருக்கும்? மின்விசை ஸ்டியரிங்கில் இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ஓட்டுநர் எவ்வளவு விசையுடன் திருப்புகிறார் என்பதை ஓர் உணரி அளக்க, எவ்வளவு உதவலாம் என்பதைக் கணினி கணித்து மோட்டாருக்குக் கட்டளையிடுகிறது. ஜேடெக்டின் முன்னோடியான கோயோ 1988-இல் சுசுகியின் செர்வோ என்னும் சிறு காரில் இதனை முதன்முதலாகப் பொருத்தியது. மோட்டாரைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். உள்ளிருக்கும் மென்பொருள் அப்படிக் கண்ணில் படுவதில்லை.

மின்சார வாகனத்தில் எஞ்சின் இல்லை. எனவே எஞ்சினால் சுழலும் பழைய பவர் ஸ்டியரிங் பம்புக்கும் அதில் வேலையில்லை. அந்த இடத்தை மோட்டார் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த வண்டியையும் லிஃப்டில் ஏற்றி முன்சக்கரத்தின் உட்புறம் பார்த்தால், ரப்பர் உறை போர்த்திய அந்தச் சிறு மூட்டு, 1960-இல் செய்யத் தொடங்கிய அதே டை ராடு எண்ட், தன் இடத்தில் இருக்கிறது.