ஜெர்மன் மொழியில் பெயரடை ஈறுகள்

ஜெர்மன் மொழியில் பெயரடை ஈறுகள் என்பவை, பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் பெயரடையின் இறுதியில் சேரும் விகுதிகள் ஆகும். தமிழில் "குளிர்ந்த நீர்", "குளிர்ந்த நீரில்" என எங்கும் பெயரடை மாறாது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்கேற்ப அது மாறும். எனினும் -எ, -எர், -எஸ், -எம், -என் ஆகிய ஐந்து ஈறுகளே உள்ளன. பயனிலையாக வரும்போது ஈறு சேர்வதில்லை: "டாஸ் வாஸர் இஸ்ட் கால்ட்" (நீர் குளிர்ச்சியாக இருக்கிறது).

அடிப்படை விதி

ஜெர்மனில் ஆண்பால், பெண்பால், நடுப்பால் என மூன்று பால்களும் நான்கு வேற்றுமைகளும் உண்டு. காபி ஆண்பால்; சூப் பெண்பால்; நீர் நடுப்பால். இவற்றைப் பெரும்பாலும் பெயருக்கு முன் வரும் ஆர்ட்டிகிள் காட்டுகிறது. ஆர்ட்டிகிள் காட்டிவிட்டால் பெயரடை பொதுவான ஈற்றை ஏற்கும். காட்டாதபோது பெயரடையே அதைக் காட்டும்.

வகைகள்

1. மென்திரிபு: டெர், டீ, டாஸ் ஆகியவற்றுக்கும் டீஸெர் (இந்த), யேடெர் (ஒவ்வொரு) போன்றவற்றுக்கும் பின் வருவது. ஒருமையில் எழுவாய் வேற்றுமையின் முப்பாலிலும், இரண்டாம் வேற்றுமையின் பெண்பால், நடுப்பாலிலும் -எ சேரும். மற்ற இடங்களிலும் பன்மை முழுவதிலும் -என் சேரும். எ.கா: "டாஸ் கால்ட்டெ வாஸர்", "மிட் டெம் கால்ட்டென் வாஸர்" (அந்தக் குளிர்ந்த நீருடன்).

2. வன்திரிபு: ஆர்ட்டிகிள் இல்லாதபோது வருவது. எ.கா: "கால்ட்டெர் காஃபே", "கால்ட்டெ ஸூப்பெ", "கால்ட்டெஸ் வாஸர்", "மிட் கால்ட்டெம் வாஸர்". மேலே "டெம்" காட்டிய வேற்றுமையை இங்கு -எம் காட்டுகிறது.

3. கலப்புத்திரிபு: ஐன் (ஒரு), கைன் (எதுவும் இல்லை), மைன் (என்) போன்றவற்றுக்குப் பின் வருவது. "ஐன்" ஆண்பாலா நடுப்பாலா எனக் காட்டாத இடங்களில் வன்திரிபு ஈறு வரும்: "ஐன் கால்ட்டெர் காஃபே", "ஐன் கால்ட்டெஸ் வாஸர்". மற்ற இடங்களில் மென்திரிபே: "மிட் ஐனெம் கால்ட்டென் காஃபே".

சிறப்பு விதிகள்

வன்திரிபில், ஆறாம் வேற்றுமையின் ஆண்பால், நடுப்பால் ஒருமையில் -என் சேரும்: "கால்ட்டென் வாஸர்ஸ்". பெயர்ச்சொல்லின் இறுதி "ஸ்" வேற்றுமையைக் காட்டிவிடுவதே காரணம்.

பல பெயரடைகள் அடுத்தடுத்து வந்தால் எல்லாம் ஒரே ஈற்றை ஏற்கும். "ரோஸா" (இளஞ்சிவப்பு), "லீலா" (ஊதா) போன்ற நிறப்பெயர்களும், "பெர்லீனர்" போன்று ஊர்ப்பெயரிலிருந்து வரும் அடைகளும் மாறுவதில்லை.