வயிற்றுப் பயிற்சி: முதலிலா, கடைசியிலா?

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாஸ்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "ஆப்ஸை முதல்ல போடணுமா, கடைசியில போடணுமா?" உள்ளே நுழைந்ததும் க்ரஞ்ச் போட்டுவிட்டுத்தான் எடையைத் தொடுவோம் என்று சிலர் இருக்கிறார்கள். எல்லாம் முடித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை வயிற்றுக்கு ஒதுக்குவோர் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் தத்தம் வழியில் அசையாத நம்பிக்கை.

சுருக்கமான பதில்: அன்று கனமான எடை தூக்கப்போகிறீர்கள் என்றால் வயிற்றுப் பயிற்சி கடைசியில். வயிற்றை வலுப்படுத்துவதே அன்றைய முக்கிய வேலை என்றால் முதலில். தொப்பையைக் கரைப்பதுதான் நோக்கம் என்றால், எந்த வரிசையில் செய்தாலும் வித்தியாசம் இல்லை.

வயிற்றுத் தசைக்கு என்ன வேலை?

வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இறங்கும் நேர்த்தசைதான் 'சிக்ஸ் பேக்' என்று கண்ணுக்குத் தெரிவது. அதன் இருபக்கமும் சாய்வாக ஓடும் தசைகள் இரண்டு அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் பெல்ட் போல இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பது குறுக்குத்தசை. இவற்றோடு முதுகுத் தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் பயிற்சியாளர்கள் 'கோர்' என்கிறார்கள்.

உடம்பை மடக்குவதைவிட, நடுவுடல் ஆடாமல் பிடித்துக்கொள்வதே இந்தத் தசைக் கூட்டத்தின் பெரிய வேலை. ஸ்குவாட்டோ டெட்லிஃப்டோ செய்யும்போது மூச்சை இழுத்து வயிற்றை இறுக்குகிறோம். அப்போது வயிற்றறைக்குள் அழுத்தம் கூடி, முதுகெலும்புக்கு முட்டுக்கொடுக்கிறது. அதற்கு முன்பே நாலு செட் சிட்-அப் போட்டு அந்தத் தசைகளைக் களைக்க வைத்துவிட்டால், கால் தாங்கும் எடையைக்கூட இடுப்பால் தாங்க முடியாமல் போகலாம். முதுகு வளையும், தூக்கும் முறை கெடும். கனமான எடைக்கு முன்னால் வயிற்றைக் களைப்பாக்க வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

வரிசை பற்றி ஆய்வுகள் சொல்வது

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009-ல் வெளியிட்ட பரிந்துரையும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பெரிய தசைகளுக்கான பயிற்சி முதலில், சிறிய தசைகளுக்கானது பிறகு. பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் பயிற்சி முதலில், ஒற்றை மூட்டுப் பயிற்சி பிறகு.

அதன்பின் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. எந்தப் பயிற்சியை முதலில் செய்கிறோமோ, அதில்தான் வலிமை அதிகம் கூடுகிறது. தசையின் பருமன் வளர்வதைப் பொறுத்தவரை வரிசையால் பெரிய வேறுபாடு இல்லை. இந்தத் தலைப்பில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. ஆகவே வயிற்றுத் தசை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பவர் கடைசியில் செய்வதால் எதையும் இழப்பதில்லை. விளையாட்டுக்காக நடுவுடல் வலிமையைக் கூட்ட வேண்டியவர், கனமான எடை இல்லாத நாளில் அதை முதலில் வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் லேசாகச் செய்வது வேறு கணக்கு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது. முழங்கையூன்றிப் பக்கவாட்டில் நிற்கும் சைடு பிளாங்க். மண்டியிட்டு ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பேர்ட் டாக். களைக்கும்வரை போகாமல் இவற்றை ஓரிரு சுற்று செய்தால், எடைப் பயிற்சிக்கு நல்ல வார்ம்-அப்.

எழுந்ததும் சிட்-அப் வேண்டாம்

பயிற்சிக்கு முன்னா பின்னா என்பதைவிடப் பலருக்கு முக்கியமான கேள்வி, தூங்கி எழுந்த உடனேயா என்பது. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைவட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நம் உயரம் 1 முதல் 2 செ.மீ. வரை கூடியிருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் முதுகை வளைத்தால் வட்டுகளின் மேல் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகம் விழுகிறது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்தது. படுக்கையை விட்டு இறங்கியதும் சிட்-அப்பைத் தொடங்காமல், ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுச் செய்வது நல்லது.

தொப்பை குறையுமா?

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் பலமுறை சோதித்துவிட்டன. 1984-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 13 ஆண்கள் 27 நாட்களில் தலைக்கு 5,004 சிட்-அப் செய்தார்கள். வயிற்றில் கொழுப்பு செல்கள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சுருங்கவில்லை. 2011-ல் வந்த இன்னொரு ஆய்வில் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குத் தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

நமக்கு இது சிறிய விஷயம் இல்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு, 2023-ல் வெளியான முடிவுகளில், நாட்டில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதைக் குறைப்பவை தட்டில் விழும் சோற்றின் அளவும், வேக நடையும், முழு உடம்புக்குமான எடைப் பயிற்சியும்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்து நிமிடம் போதும். உடம்பை ஆடாமல் பிடிக்கும் பிளாங்க் போன்றது ஒன்று, பக்கவாட்டுத் தசைக்கு ஒன்று, மடக்கும் பயிற்சி ஒன்று எனக் கலந்து செய்யலாம். அமெரிக்கக் கடற்படைகூடத் தன் உடற்தகுதித் தேர்வில் இருந்த கர்ல்-அப்பை எடுத்துவிட்டு பிளாங்கைச் சேர்த்தது. குடலிறக்கம், முதுகுவலி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆன பெண்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

கடைசியில் வைத்தால் நேரமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள், கை, தோள் பயிற்சி மட்டும் இருக்கும் நாளில் வயிற்றை முதலிலேயே முடித்துவிடலாம். தள்ளிப்போட்டுத் தவறவிடுவதைவிட, வரிசை மாறினாலும் செய்துவிடுவது மேல்.