குன்றிமணி அளந்த தங்கம்

"குன்றிமணித் தங்கம்கூட இல்லாத வீடு" என்று வறுமையைக் குறிப்பது தமிழ் வழக்கு. குமர் காரியத்திற்கு உதவி நாடி வரும் தாய்மார்களின் நாவில் இச்சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அன்புச் சகோதரிகளே! அச்சொல்லைச் சற்றே கூர்ந்து கவனியுங்கள். விலை மதிப்புள்ள தங்கத்தை அளக்க அங்கே வந்து நிற்பது, வேலியில் படரும் கொடி ஒன்றின் விதை!

நம் முன்னோர் தங்கத்தை விதைகளின் பெயரால்தான் நிறுத்தனர். 2 குன்றி சேர்ந்தால் 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி சேர்ந்தால் 1 கழஞ்சு. குன்றி, கொடியின் விதை. மஞ்சாடி, மரத்தின் விதை. கழஞ்சு, கழற்சிக்காயை ஒட்டி வந்த பெயர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த நகைகளின் எடையை இந்த அளவுகளால்தான் கூறுகின்றன.

இனி, சென்னை தியாகராய நகருக்கு வாருங்கள். நகைக் கடைகள் வரிசையாக மின்னும் உஸ்மான் சாலை, 1934-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரைத் தாங்கியது. அங்கே எக்கடையில் நுழைந்தாலும் '22 கேரட்' என்ற சொல் காதில் விழும். அந்தக் 'கேரட்' நமக்கு அந்நியமானதன்று. ஜனாஸாத் தொழுகையில் கலந்து கொள்பவருக்கு ஒரு 'கீராத்' நன்மை என்று நபிமொழியில் படிக்கிறோமே, அதே சொல்தான். கிரேக்க மொழியிலிருந்து அரபிக்கு வந்த இச்சொல்லின் வேர், 'கர்ரூப்' என்னும் மரத்தின் காயையும் விதையையும் சென்றடைகிறது. ஆக, தமிழகத்திலும் அரபகத்திலும் தங்கத்திற்கு அளவு சொன்னது விதையே.

நகையின் வடிவமும் மரத்திடம் இரவல் வாங்கியதே. மயிலாப்பூர் மாட வீதிகளில் கண்ணைக் கவரும் மாங்காய் மாலையையும், மல்லிகை மொட்டு மாலையையும், கோதுமைச் சங்கிலியையும் எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லரின் கைத்திறன் வியப்புக்குரியதுதான். எனினும் அவர் பார்த்துச் செய்த மூலம் வல்ல அல்லாஹ்வின் படைப்பாகும்.

அப்படியாயின், விதையையே நகையாக அணிந்தால் அது குறைவாகுமா? ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியை இங்கே நினைவு கூர்வோம். பெருநாளன்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொழுகையை முடித்த பின், பிலால் (ரலி) அவர்களுடன் பெண்கள் பகுதிக்குச் சென்று தர்மம் செய்யும்படி ஏவினார்கள். பெண்மணிகள் தம் காதணிகளையும் 'ஸிகாப்' எனும் மாலைகளையும் கழற்றி வழங்கினர். ஸிகாப் என்பது யாது? முத்தோ மாணிக்கமோ இல்லாமல், கிராம்பு, 'மஹ்லப்' என்னும் மரத்தின் விதைப் பருப்பு, நறுமணக் கலவை ஆகியவற்றைக் கோத்த மாலை என்று அறிஞர்கள் விளக்கம் தருகின்றனர். ஸஹாபிப் பெண்மணிகளின் கழுத்தை அலங்கரித்ததும் அத்தகைய மாலை. அல்லாஹ்வின் பாதையில் ஏற்கப்பட்ட தர்மமும் அதுவே.

இன்று சென்னைக் கைவினைக் கண்காட்சிகளில் விதை மாலைகளைக் காண்கிறோம். மஞ்சாடி மரங்கள் அடையாறு, கிண்டிப் பகுதிகளில் வளர்ந்து நிற்கின்றன. காய் முற்றி முறுக்கிக் கொண்டு வெடிக்க, செந்நிற விதைகள் தரையில் சிதறும். ஆண்டுகள் பல சென்றாலும் அந்நிறம் மங்குவதில்லை. விதைகளைப் பொறுக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, வெந்நீரிலிட்டுச் சற்றே மென்மையாக்கி, மெல்லிய துளைக்கருவியால் துளையிட்டு, உறுதியான நூலில் கோக்க வேண்டும். பெரிய முதலீடு தேவையில்லை, பொறுமை வேண்டும். வீட்டிலிருந்தபடியே பொருளீட்ட விரும்பும் சகோதரிகளுக்கு ஏற்ற கைத்தொழில் இது.

ஓர் எச்சரிக்கை மிக அவசியம். மஞ்சாடிக்கு ஆனைக்குன்றிமணி என்றும் பெயருண்டு. பெயரில் ஒற்றுமை இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள். மஞ்சாடி முழுவதும் சிவந்து, தட்டையாக இருக்கும். குன்றிமணி சிறியது, சிவப்பில் ஒரு கருப்புக் கண் உண்டு. அதனுள் 'அப்ரின்' எனும் கொடிய நஞ்சு இருக்கிறது. துளையிட்ட விதையை விழுங்கினாலோ, விதையை மென்றாலோ ஒன்றே உயிரைப் பறிக்கக்கூடும். 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் என்னும் தோட்ட நிறுவனம், தான் விற்ற குன்றிமணிக் கைச்சரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. குன்றிமணியைக் கோக்கவே வேண்டாம். எந்த விதை மாலையையும் வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

தங்கம் பெண்களுக்கு ஆகுமானதே. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கோர் கணக்கு உண்டு. 20 மிஸ்கால், அதாவது சுமார் 11 பவுன் ஓராண்டு கையிலிருந்தால், அணியும் நகையானாலும் ஹனஃபி மத்ஹபின்படி ஸகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஸகாத் இல்லை. வரம்பு மீறினால் அங்கும் உண்டு. நம் கழுத்திலிருக்கும் பவுனுக்கு இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறோமா? வருகின்ற மருமகளின் கழுத்தை மட்டும் தராசில் நிறுத்துப் பார்ப்பது எந்த வகையில் நியாயம்? மணமகன் தரவேண்டிய மஹருக்கு ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்குமா தேடிப் பார் என்று ஏழைத் தோழருக்குச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்? கைக்கூலியும் நகையும் கேட்டு, வாசல் வாசலாக ஒரு தாயை அலைய வைப்பது அந்த உம்மத்துக்கு அழகா?

சகோதரிகளே! அடுத்த நிகாஹ் பேச்சில் "எத்தனை பவுன்?" என்ற கேள்வியை உங்கள் வீட்டார் எழுப்பாமல் தடுத்துவிடுங்கள். குன்றிமணித் தங்கமும் இல்லாத வீட்டிலும் குணமுள்ள பெண் இருப்பாள். அவளுடைய குணத்தை நிறுக்க எந்த விதையும் போதாது.