ஊர்ப் பெயருக்குள் ஒரு தலைநகரம்! தெரியுமா?

சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று நிமிர்ந்து நிற்பது மன்னன் ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் மட்டும்தான். அரண்மனை எங்கே? கோட்டை எங்கே? படை எங்கே? சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைக் கேளுங்கள், அவையே சொல்லிவிடும்!

கோயிலுக்குத் தென்மேற்கே இருக்கும் ஊர் உட்கோட்டை. கோட்டைக்கு உள்ளே இருந்த பகுதி! அங்கே ஒரு மேடு, பெயர் மாளிகைமேடு. மாளிகையின் சுவடு கண்ணில் படாத காலத்திலும் மக்கள் அந்தப் பெயரை விடவில்லை. 1980-ல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. என்ன வந்தது தெரியுமா? செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள்... சோழர் அரண்மனையேதான்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூடத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பெயரைத் தொல்லியலாளரின் மண்வெட்டி மெய்யாக்கிவிட்டது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் வேறில்லை.

இன்னும் கேளுங்கள். மன்னனின் மெய்க்காவலர் குடியிருந்த இடம் மெய்க்காவல்புத்தூர் என்கிறார்கள். படைக்கலங்கள் இருந்த இடம் ஆயுதக்களம்! கோயில் கட்டச் சுண்ணாம்பு அரைத்த இடமாம் சுண்ணாம்புக்குழி. கொஞ்சம் தள்ளிப் போனால் கடாரங்கொண்டான்! கடல் கடந்து, கடாரத்தை, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாவை, ராஜேந்திரனின் கப்பற்படை வென்ற சேதி, அரியலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பெயராக இருக்கிறது! பக்கத்து நகரமான ஜெயங்கொண்டமும் சோழர் பட்டப்பெயர்தான்.

ஏரியை விட்டுவிட முடியுமா? கங்கைவரை சென்று வென்றதன் நினைவாக ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. கரையின் நீளம் 16 மைல் என்று பழைய பதிவுகள் கூறுகின்றன. அதை இன்று ஊரார் அழைப்பது பொன்னேரி என்று!

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இங்கிருந்த மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மாளிகைமேடு என்ற பெயரை யாரும் பெயர்க்கவில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு கோட்டைமேடோ பாளையத்தெருவோ இருக்கும். அதற்குப் புதிதாக ஏதோ ஒரு 'நகர்' என்று பலகை மாட்டும் முன், பெரியவர்களிடம் காரணம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்!