வைக்கோல் கூடையில் வேகும் மாப்பிள்ளைச் சம்பா

"ருசி நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா வேகவே மாட்டேங்குது." பாரம்பரிய நெல் போட்டு அரிசியாக விற்கிற நம்மில் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு கிலோ வாங்கிப் போனவர் ரெண்டாவது தடவை வராமல் போவதற்கு விலை காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பேசிப் பார்த்த வரையில் பாதிப் பேருக்கு விலை பிரச்சினையே இல்லை. காலையில் ஆபீஸுக்கு ஓடுகிற வீட்டில் முக்கால் மணி நேரம் கேஸ் எரிக்க முடியாது, அதுதான் விஷயம்.

அதனால்தான் நம்மில் சிலர் அரிசியைத் தீட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். சீக்கிரம் வேகும், உண்மைதான். ஆனால் தவிட்டோடு போவது எது என்று நமக்குத் தெரியாதா? 160 நாள் வயலில் நின்ற நெல்லை, பத்து நிமிஷம் மிச்சம் பிடிக்கத் தீட்டிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அரிசியை மாற்றுவதற்கு முன்னால் அடுப்பை மாற்றிப் பார்க்கலாமே.

செங்கல்பட்டு டவுனில் பள்ளிக்கூட ஆசிரியர் அறை, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், இந்தப் பக்கம் ஓஎம்ஆர் கம்பெனிகள் என்று எல்லா இடத்திலும் பொங்கல், ஆயுத பூஜை சமயத்தில் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. 'பாட்லக்' என்கிறார்கள். சின்ன வயசில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு பிடி பருப்பு வாங்கி வந்து ஆக்கின கூட்டாஞ்சோறுதான், பேர் மாறியிருக்கிறது. நம் அரிசியை ருசி காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. விற்க வந்தவன் என்ற சந்தேகம் இல்லாமல் இருபது பேர் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் போதும்.

ஆனால் அங்கே அடுப்பு கிடையாது. மைக்ரோவேவ் இருந்தால் அதற்கு ஒரு வரிசை நிற்கும். காலை ஆறு மணிக்கு ஆக்கியது மதியம் ஒரு மணிக்கு ஆறிப்போய் விறைத்திருக்கும். வழியிலேயே தானாக வெந்துகொண்டு, சூடாகப் போய்ச் சேருகிற சமையல்தான் இதற்குத் தோது.

சூடு போகாமல் பொத்தி வைத்தால் பண்டம் வேகும் என்பது புதுசு இல்லை. உலகப் போர் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்காக ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டிச் சமையலைப் பிரசாரமே பண்ணினார்கள். யூதர்கள் சனிக்கிழமை நெருப்பு மூட்டக் கூடாது என்பதால், வெள்ளி மாலையே பயறும் கறியும் போட்ட பானையை ரொட்டிக்காரர் அடுப்பில் விட்டுவிட்டு வருவார்கள். அந்தப் பண்டத்தைப் பற்றி அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் இர்விங் நாக்சன் என்பவர் அமெரிக்காவில் மின்சாரப் பானை ஒன்று செய்து 1940-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைய 'ஸ்லோ குக்கர்'. நமக்கு அது வேண்டாம். வைக்கோல் நம்மிடமே இருக்கிறது.

அதிலும் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி உயரமாக வளர்கிற ரகத்தின் வைக்கோல்தான் இதற்கு லாயக்கு. கையால் அறுத்த நீள வைக்கோலாக இருக்கட்டும். மெஷின் அறுத்துக் கட்டு கட்டினது நொறுங்கிப் படிந்துவிடும். காற்றை அடைத்து வைப்பதால்தான் வைக்கோல் சூட்டைக் காக்கிறது. படிந்துபோனால் அந்த வேலை நடக்காது.

பெரிய மூங்கில் கூடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் வைக்கோலை அழுத்தி வைத்து, மேலே பழைய வேட்டியை விரித்து, பாத்திரம் உட்காருகிற அளவுக்குக் குழி பண்ணுங்கள். பழைய தலையணை உறையில் வைக்கோல் அடைத்தால் மேல்மூடி. பாத்திரம் கனமாக, இறுக்கமான மூடியோடு இருக்கணும். முக்கால் பாத்திரத்துக்கு மேல் நிறைந்தும் இருக்கணும். அரைப் பாத்திரம் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும்.

மாப்பிள்ளைச் சம்பா புழுங்கலை ராத்திரியே ஊறப் போடுங்கள். காலையில் ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்து, மூடிபோட்டு 15 நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். கொதி அடங்குவதற்குள் கூடையில் இறக்கி மூடிவிடுங்கள். மூன்று மணி நேரம் திறக்காதீர்கள். மாவுச்சத்து வேக 80 டிகிரி சூடே போதும், தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அடுப்பு எரிந்தது கால் மணிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

கூட்டாஞ்சோறாகப் பண்ணுவதானால் துவரம்பருப்பையும் ஊறவைத்து அரிசியோடு சேர்த்துப் போடலாம். முருங்கைக்காய், கத்தரிக்காய், மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாம் கூடவே போகட்டும். புளியை மட்டும் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு மசியாது, அரிசியோடு நறநறவென்று நிற்கும். மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு போட்டுப் புளியைத் தனியாகக் காய்ச்சி ஒரு டப்பாவில் எடுத்துப் போய், அங்கே கிளறிக்கொள்ளலாம். முருங்கைக்கீரை வதக்கினதையும் அப்போதே போட்டால் பச்சை மாறாது.

பாயசத்துக்குக் கருங்குருவை நல்லது. குழைய வெந்ததும் கருப்பட்டிப் பாகு. தேங்காய்ப்பாலைச் சூட்டோடு அடைத்து எடுத்துப் போனால் திரிந்துவிடும், தனியாகக் குளிர வைத்துக் கொண்டுபோங்கள்.

தை மாதம் மொச்சைக் குழம்பு வைக்கலாம். காய்ந்த மொச்சையை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் அடுப்பிலேயே முழுசாக வேகவைத்து, அப்புறம்தான் கூடையில் வைக்கணும். ராஜ்மா போடுகிறவர்கள் கட்டாயம் கவனியுங்கள்: நன்றாகக் கொதிக்காமல் இளஞ்சூட்டில் வெந்த ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

சோறும் அப்படித்தான். கொதியில் சாகாத கிருமி வித்துக்கள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. 60 டிகிரிக்கு மேலே இருக்கிற வரை பயமில்லை. மூடியைத் திறக்கும்போது ஆவி பறக்கணும், பாத்திரத்தைக் கையால் தொட முடியாத சூடு இருக்கணும். காலை எட்டு மணிக்கு வைத்ததை ஒரு மணிக்குள் பரிமாறிவிடுங்கள். மீன் குழம்பு இந்தக் கூடைக்கு ஆகாது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை எந்தக் குப்பத்தில் வாங்கிய மீனாக இருந்தாலும் கரைந்து முள்தான் மிஞ்சும்.

கூடை வேண்டாம், ஆறினாலும் நிற்கிற பண்டம் வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்து ஊர்க்காரர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் மணிக்கணக்காக ஆவியில் வேகிறது. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த அந்த இட்லி சீக்கிரம் ஊசிப்போகாது. விறகு அடுப்பு இருக்கிற வீட்டுக்குத்தான் சரிப்படும், கேஸில் கட்டுப்படியாகாது.

பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். நெல்லின் பேர், விளைந்த ஊர், எத்தனை மணி நேரம் ஊறணும், எத்தனை நிமிஷம் எரியணும். விலை எழுத வேண்டாம், கேட்பவர்களிடம் சொன்னால் போதும். முதல் தடவை அரைக் கிலோவே கொடுங்கள், அதே சீட்டைப் பையிலும் போடுங்கள். கூடையைப் பார்த்துவிட்டு "இது எங்க கிடைக்கும்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு பிரி வைக்கோலும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

ஆவி பட்டுப் பட்டு வைக்கோல் ஈரமாகும். ஒவ்வொரு தடவையும் வெயிலில் காயப் போட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். எடுத்ததை மாட்டுக்குப் போடாதீர்கள், பூஞ்சணம் பிடித்திருக்கும். கத்தரிச் செடிக்கு மூடாக்காகப் போகட்டும்.