நிலத்துக்கு விலை உண்டு, குரலுக்கு?

அலைகளின் கதை – 17

1920 நவம்பர் 2 அன்று இரவு, பிட்ஸ்பர்க் நகரத்து கேடிகேஏ நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஏ.எம். வானொலி (நம் வீட்டுப் பெட்டிகளில் 'மீடியம் வேவ்' என்று எழுதியிருக்குமே, அதேதான்) நூறாண்டு கடந்தும் அங்கே உயிரோடு இருக்கிறது. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள். ஆனால் அவற்றில் ஒன்று விலைக்கு வந்தால், வாங்க வருகிறவர் வானொலிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

நியூயார்க்கின் 1560 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் செவ்வியல் இசைக்காக நடத்திய நிலையம் அது. பிறகு டிஸ்னி நிறுவனத்துக்குப் போய், அவர்களிடமிருந்து ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்பிடம் வந்தது. அவர்கள் கொடுத்த விலை 1.3 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. சில ஆண்டுகளில், குவீன்ஸ் பகுதியில் கோபுரங்கள் நின்ற நிலத்தை மட்டும் கிடங்குகள் கட்டும் ப்ரோலாஜிஸ் நிறுவனம் 5.1 கோடி டாலருக்குக் கேட்டது. கொடுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் அங்கிருந்து ஒலித்த 50 கிலோவாட் ஒலிபரப்பு நின்றது.

வானொலிக்கு எதற்கு இவ்வளவு நிலம்? ஏ.எம். அலை நீளமானது. 1000 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால்பங்கு உயரத்துக்காவது கோபுரம் எழுப்புவது வழக்கம். கோபுரமே ஆன்டெனா. அதன் அடியிலிருந்து நாலாபுறமும், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, பொதுவாக 120 செப்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். இரவில் சிக்கல் கூடும். பொழுது சாய்ந்ததும் அலைகள் வானத்து அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும். அங்கே அதே அலைவரிசையில் இருக்கும் இன்னொரு நிலையத்தைக் கெடுக்கும். அதனால் சில நிலையங்கள் அந்தியில் சக்தியைக் குறைத்துக்கொள்கின்றன. சில ஒலிபரப்பையே முடித்துக்கொள்கின்றன. வேறு சில, கோபுரங்களை வரிசையாக நிறுத்தி அலையை வேண்டிய திசைக்குத் திருப்புகின்றன. எஃப்.எம்.முக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. உயரமான கட்டடத்தின் உச்சி போதும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே, காடு கழனியில்தான் கோபுரங்களை நிறுத்தினார்கள். ஊர் வளர்ந்து அங்கேயும் வந்துவிட்டது. வாஷிங்டனை ஒட்டிய பெத்தெஸ்டாவில் டபிள்யூ.எம்.ஏ.எல். நிலையத்தின் 75 ஏக்கர், வீடு கட்டி விற்கும் நிறுவனத்துக்கு 7.4 கோடி டாலருக்குப் போனது. 2020 நவம்பரில் கோபுரங்களை வெடிவைத்துச் சாய்த்தார்கள். நிலையம் அதற்கு முன்பே வேறொரு நிலையத்தின் கோபுரங்களில் ஒண்டிக்கொண்டது.

இந்த நிலைக்கு ஒரு சட்டமும் காரணம். 1996 வரை நாடு முழுவதும் ஒரு நிறுவனம் இத்தனை நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு இருந்தது. அந்த ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதை நீக்கியது. கிளியர் சேனல் நிறுவனம் ஆயிரத்து இருநூறுக்கும் மேல் வாங்கிக் குவித்தது. 2014இல் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2018இல் சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. கியூமுலஸ், ஆடஸி ஆகிய மற்ற பெரிய நிறுவனங்களும் அதே வாசலுக்குப் போய் வந்தன. கடன்காரர் கழுத்தைப் பிடிக்கும்போது முதலில் விலைபோவது நிலம். செலவைக் குறைக்கும்போது முதலில் வீட்டுக்குப் போவது உள்ளூர் அறிவிப்பாளர்.

அதன் விலை என்ன? வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் 2002 ஜனவரி 18 அன்று நள்ளிரவுக்குப் பின் சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு பரவியது. ஊரின் ஆறு வணிக நிலையங்களும் கிளியர் சேனலுடையவை. காவல்துறையினரால் நிலையத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை. எச்சரிக்கைக் கருவியைச் சரியாக அமைக்காதது யார் என்று இரு தரப்பும் பின்னர் மாறிமாறிக் குற்றம்சாட்டின. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வடக்கு கரோலினாவின் ஆஷ்வில்லைச் சிதைத்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. 570 கிலோஹெர்ட்ஸில் டபிள்யூ.டபிள்யூ.என்.சி. என்ற ஏ.எம். நிலையம் பேசிக்கொண்டே இருந்தது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று மக்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த நிலையத்தின் உரிமையாளரும் அதே ஐஹார்ட்மீடியாதான்! முதலாளி பெரியவரா சிறியவரா என்பதல்ல விஷயம். அங்கே கோபுரம் நின்றது. ஒலிவாங்கியின் முன் ஆளும் இருந்தார்.

மின்சாரக் கார்களின் மோட்டார் ஏ.எம். ஒலியில் இரைச்சல் கிளப்புகிறது என்று டெஸ்லா, பி.எம்.டபிள்யூ. போன்றவை அந்த வசதியை நீக்கின. ஒவ்வொரு வண்டியிலும் ஏ.எம். இருந்தாக வேண்டும் என்று 2023இல் எட் மார்க்கி, டெட் குரூஸ் என்ற எதிரெதிர்க் கட்சி செனட்டர்கள் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். நல்லதுதான். ஆனால் காரில் பெட்டி இருந்து, ஊரில் நிலையம் இல்லாவிட்டால் என்ன பயன்?

நிலத்தை விற்காதே என்று ஓர் உரிமையாளரைத் தடுக்க முடியாது. ஆனால் அலைவரிசை அவருடைய சொத்து அல்ல, பொதுச் சொத்து. ஒலிபரப்பு உரிமம் கைமாற வேண்டுமானால் எஃப்.சி.சி. எனும் அரசு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருமுன் அது இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: கோபுரம் எங்கே நிற்கும்? நள்ளிரவில் ஆபத்து என்றால் ஒலிவாங்கியின் முன் யார் இருப்பார்? பதில் இல்லாதவருக்கு உரிமத்தை மாற்றித் தரக் கூடாது.